மேற்படியார் தூக்கிய மீட்டர்

நியூட்ரான் கதிரை உமிழும் விரலளவுக் குழல் ஒன்று அந்த ஆய்வகத்தின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியின் நான்கு பக்கமும் கதிர் அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த வேலைக்கு இருந்த மனிதரோ மாதக்கணக்கில் நான்கு கட்டத்திலும் ஒரே சொல்லைத்தான் எழுதினார்: 'மேற்படி'. ஊரே அவரை மேற்படியார் என்றது.

பாவம், சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. உடம்பு இங்கே, உயிர் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. மனைவிக்கு அங்கே வேலை. இரண்டு வயது மகளுக்குக் கைபேசிதான் அப்பா. அப்பாவுக்குப் பசிக்குமே என்று, திரையில் தெரியும் அவர் வாயில் பிஸ்கட்டை வைத்துத் தேய்க்குமாம். அதைக் கேட்ட நாள்முதல் மனிதருக்கு மாற்றல் உத்தரவு ஒன்றே நினைப்பு.

அன்று தபால் பிரிவு அக்கா உறையை விசிறிக்கொண்டே வந்தார். "தம்பி, கிடைச்சிடுச்சு! திங்கக்கிழமை அங்க சேரணும்."

"அக்கா, உங்க வாய்க்குச் சக்கரை போடணும்!"

"போடு, போடு. உன் லேப் சுவத்துல சாஞ்சுதான் இதை டைப் பண்ணினேன். எங்களைப் பக்கத்துச் சாமான் ரூமுக்கு மாத்தி ரெண்டு மாசமாச்சே. சுவரோரம்தான் காத்து வருது."

மேற்படியார் உறையை வாங்காமல் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்று மாதம் முன்பு, கதிரைத் தடுக்கப் பெட்டியின் அந்தச் சுவர்ப் பக்கம் அடுக்கியிருந்த மெழுகுக் கட்டிகள் உடைந்துபோயின. புதிது கேட்டு எழுத அலுத்துக்கொண்டு, சும்மா கிடந்த ஈயக் கட்டிகளைச் செருகிவிட்டார். கனம் கூடினால் காவலும் கூடும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். நியூட்ரானை அடக்குவது மெழுகும் தண்ணீரும்தான், ஈயத்தை அது துளைத்துக்கொண்டு போய்விடும் என்று பயிற்சியில் படித்தவர்தான்! செருகிய கையோடு சின்ன மீட்டரை நீட்டினார், முள் அசையவில்லை. எப்படி அசையும்? அது காமா கதிருக்கான மீட்டர். நியூட்ரானை அளக்கும் மீட்டர் பத்துக் கிலோ கனம், மாடி அலமாரியில் தூசி குடித்துக் கிடந்தது.

இப்போது அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கினார். அக்காவின் நாற்காலியில் வைத்தார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

"அக்கா, எல்லாரும் வெளிய போங்க. இனிமே இங்க யாரும் உக்காரக் கூடாது." அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

சத்தமில்லாமல் கட்டியை மாற்றிவிட்டு இன்னொரு 'மேற்படி' எழுதினால், திங்கட்கிழமை மகள் மடியில். உண்மையை எழுதினால் விசாரணை; மாற்றல் அந்தரத்தில். மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"பாப்பாவுக்குப் புதுச் சட்டை எடுத்து வெச்சிருக்கேன்," என்றாள் மெதுவாக. "ஆனா அந்த அக்காவை டாக்டர் பாக்க வேணாமா? மறைச்சிட்டு வந்தா, பாப்பாவைத் தூக்கும்போதெல்லாம் உங்களுக்கு அவங்க முகந்தான் தெரியும். எழுதிட்டு வாங்க." சொல்லிவிட்டு அழுதாள். அவரும் அழுதார்.

பிறகு முள் காட்டிய எண்ணை எழுதி, கீழே 'என் தவறு' என்று கையெழுத்திட்டார். கதிர் பாதுகாப்பு அதிகாரி வந்தார், மெழுகுக் கட்டிகள் வந்தன, பெட்டி ஒழுங்காக மூடப்பட்டது. மாற்றல் நிறுத்தி வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை மதியம் கைபேசியில் மகள் பிஸ்கட்டோடு வந்தாள். மேற்படியார் கண் கலங்க "ஆ..." என்று வாயைத் திறந்தார். பரிசோதனை முடித்துத் திரும்பிய அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார்.

"பயப்படுற அளவு இல்லைன்னாங்க தம்பி. அதுக்காக உன்மேல கோவம் போயிடல. கையெழுத்துன்னா 'நான் பாத்தேன்'னு அர்த்தம். பாக்காம போட்டா, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் உயிரை வெச்சு விளையாடுறதுதான்." பெருமூச்சு விட்டார். "உன் உத்தரவை மறுபடியும் நான்தான் டைப் பண்ணுவேன். எங்க உக்காந்து பண்ணணும்னு நீயே அளந்து சொல்லு."