கால் விரிந்த குஞ்சுகள்

கோழிக்குஞ்சுப் பெட்டிக்குத் தரை போட்டவர் சவரிமுத்துதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி அவர் புனேயில் கிர்க்கி பஜாரில் ஆரம்பித்து ஔந்த் வரைக்கும் கண்ணில் படுகிற எல்லாரையும் சந்தேகப்படப் போகிறார். தன்னை மட்டும் விட்டுவிடுவார்.

சமையலறை அலமாரிக்கு ஒட்டியது போக, வெள்ளை மைக்கா ஒரு துண்டு பரணில் மிச்சம் கிடந்தது. அதை அளந்து, அறுத்து, மரப்பெட்டிக்குள் இறுக்கி, ஓரங்களை அரத்தால் ராவினார். அதோடு விட்டிருக்கலாம். மெழுகுவத்தித் துண்டு ஒன்றை எடுத்து மேலே தேய்த்துப் பழைய பனியனால் மெருகேற்றினார். சவரிமுத்து வேலை பார்ப்பது படைத்தளவாடத் தொழிற்சாலையில், அளவு சோதிக்கும் பிரிவில். ஒரு சாமானைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே தேறும், தேறாது என்று சொல்லிவிடுகிற ஆள். கோவிலில் பாதர் சொல்லும் ஏழு தலையான பாவங்களோடு எட்டாவதாகச் சொரசொரப்பையும் அவர் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தார்.

"இங்க பாரு ஜோசபின், ஒரு தொடை தொடைச்சா போதும். எச்சம் ஒட்டாது, நாத்தம் வராது."

ஜோசபின் எட்டிப் பார்த்தாள். "உங்க மூஞ்சி தெரியுதுங்க அதுல. குஞ்சுங்க பயந்துக்கப் போவுது."

அவளுக்குக் குஞ்சு வாங்குவதிலேயே இஷ்டமில்லை. அந்த வீட்டுக்கு வந்த ஜீவராசிகளின் வரலாறு அப்படி. மீன் தொட்டி பளபளக்க வேண்டும் என்று சோப்புத்தூள் போட்டுக் கழுவினார். மீன்கள் அடுத்த நாள் மல்லாந்தன. கிளிக்கூண்டுக் கதவு கிறீச்சிடுகிறது என்று கீலுக்கு எண்ணெய் விடக் கதவைக் கழற்றினார். கிளி, நன்றிகூடச் சொல்லாமல், ரயில்வே லைன் பக்கம் போய்விட்டது. ஆகவே கிரிராஜ் ஜாதிக் கோழிக்குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் கத்திக்கொண்டு வந்து இறங்கிய அன்றைக்கே ஜோசபின் சட்டம் போட்டாள்.

"ஒண்ணு செத்தாலும் சரி, மிச்சம் இருக்கற அத்தனையும் இஸ்மாயில் பாய் கடைக்குப் போயிடும். மாதா மேல ஆணை."

முகமது இஸ்மாயில் பஜாரில் கோழிக்கடை வைத்திருப்பவர். குஞ்சுகளைத் தருவித்துக் கொடுத்தவரும் அவரே. கடைக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று குஞ்சுகளைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

முதலில் ஒன்று விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, ஒரு கால் கிழக்கே போயிற்று, ஒரு கால் மேற்கே. அப்புறம் இன்னொன்று. வார முடிவில் பாதிக் குஞ்சுகள் நெஞ்சு தரையில் பட, காலிரண்டையும் விரித்துக்கொண்டு, பனிக்கட்டியில் விடப்பட்ட தவளைகள் மாதிரிக் கிடந்தன. தீனித்தட்டு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவற்றுக்கு அது மும்பை தூரம்.

சவரிமுத்துவின் முதல் சந்தேகம் சுவருக்கு அந்தப் பக்கம் தாவியது. பக்கத்து குவார்ட்டர்ஸில் பத்ரிநாத். கணக்குப் பிரிவு. முட்டை வாசனை வந்தாலே ஊதுவத்தி ஏற்றும் குடும்பம். அவர் காலையில் பூப்பறிக்கிற சாக்கில் சுவரருகே நின்று பெட்டியையே பார்ப்பதைச் சவரிமுத்து கவனித்திருந்தார்.

"என்ன பத்ரி சார், நம்ம குஞ்சுங்க மேல ரொம்ப அக்கறை போல?"

"ஏன்யா சவரி, அதுகள் எல்லாம் இப்படிக் காலை அகட்டிண்டு படுத்துண்டிருக்கே, யோகாசனமா?"

"நேத்து சாயங்காலம் நீங்க இந்தப் பக்கம் ஏதாவது தெளிச்சீங்களா?"

"துளசிக்குத் தண்ணி விட்டேன்."

"வெறும் தண்ணியா?"

பத்ரிநாத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கங்கா ஜலம்," என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையோடு உள்ளே போய்விட்டார். கிண்டலா, ஒப்புதல் வாக்குமூலமா என்று சவரிமுத்துவால் நிச்சயிக்க முடியவில்லை. சுவரோர ஈரத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். துளசி வாசனை வந்தது. விஷம் வைப்பவன் வாசனையை மறைக்கத்தானே பார்ப்பான்?

அடுத்தது இஸ்மாயில். கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றார்.

"பாய், நீங்க குடுத்த குஞ்சு எந்தப் பண்ணை?"

"ஏன்ணே?"

"காலெல்லாம் போச்சு."

"எங்க போச்சு?"

"விளையாடாதீங்க பாய். சீக்குக் குஞ்சத் தள்ளி விட்டுட்டீங்களோன்னு வீட்ல பேச்சு."

வீட்டில் அப்படி எந்தப் பேச்சும் இல்லை. இஸ்மாயில் கத்தியைத் துடைத்து வைத்தார். "சவரிண்ணே, அதே லாட்டுல நானும் என் மச்சானுக்குக் குடுத்திருக்கேன். அங்க எல்லாம் எகிறி எகிறி ஓடுது. டாக்டருக்குக் காட்டுங்க, முதல்ல அத செய்ங்க."

அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. அப்படியானால் நல்லதை எல்லாம் மச்சானுக்குப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறான். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சவரிமுத்துவுக்கு இது வெட்டவெளிச்சமாகிவிட்டது.

மறுநாள் குஞ்சுகளைச் செருப்புப் பெட்டியில் வைத்து ஔந்த் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் சேஷு, தன் அப்பா காலத்திலிருந்தே புனேவாசி; மராட்டி நாக்கில் ஓடும், தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி வரும். அவர் ஒரு குஞ்சை எடுத்துப் புரட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார்.

"விரல் மடங்கலே. மடங்கி இருந்தா விட்டமின் குறைச்சல்னு சொல்லலாம். எச்சத்துல ரத்தம் வருதா?"

"இல்ல டாக்டர். விஷமா இருக்குமோ?"

"விஷம் வச்சா காலோட நிக்குமா? யாரு வைப்பா?"

"பக்கத்து வீட்டுக்காரர் அக்கவுண்ட்ஸ்ல இருக்கார்," என்றார் சவரிமுத்து, அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்பதுபோல.

டாக்டர் இன்னொரு குஞ்சைத் தூக்கினார். "ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னேன்னு கிடந்தா எனக்கு பயம் வரும். அது கெட்ட வியாதி, மருந்து கிடையாது. இது ரெண்டும் பக்கவாட்டுல போகுது. நல்லா தீனி எடுக்குது, கண்ணு சுறுசுறுப்பா இருக்கு. கீழே என்ன போட்டிருக்கீங்க?"

அந்தக் கேள்விக்கே காத்திருந்தவர் போல, மைக்கா, அரம், மெழுகு, பனியன் என்று சவரிமுத்து விவரித்தார். மெருகின் தரத்தைச் சொல்லும்போது குரலே மாறியது. டாக்டர் கேட்டுக்கொண்டே மருந்துகள் வைக்கும் எவர்சில்வர் தட்டைக் காலி செய்து, குஞ்சை அதன்மேல் நிறுத்தினார். கால்கள் இரண்டும் சறுக்கிக்கொண்டு இரண்டு திசைக்கும் போயின. அதே குஞ்சைத் தூக்கி, தன் தோளில் கிடந்த டவலை மடித்து, அதன்மேல் வைத்தார். குஞ்சு நகத்தால் துணியைப் பற்றிக்கொண்டது. தள்ளாடியது. ஒரு கணம் நின்றது.

டாக்டர் நிமிர்ந்து சவரிமுத்துவைப் பார்த்தார். சுவரில் வெறிநாய்த் தடுப்பூசி பற்றி மராட்டியில் ஒரு விளம்பரம் இருந்தது. சவரிமுத்து அதை வெகு கவனமாகப் படித்தார்.

ஒட்டும் பிளாஸ்திரியை மெல்லிய நாடாவாகக் கிழித்து, இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்கிற அளவு இடைவெளி விட்டு, விலங்கு மாட்டுகிற மாதிரி டாக்டர் சுற்றினார். "எலும்பு இன்னும் இளசு. கொஞ்ச நாள் இப்படி இருந்தா கால் நேரா வளரும். அடியில சாக்குப் போடுங்க. தண்ணில இந்தச் சொட்டு மருந்து." ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே வந்தவர் கடைசிக் குஞ்சிடம் நின்றார். கூட்டத்திலேயே பொடிசு, கழுத்தில் பழுப்புக் கோடு போட்டது. அதன் இடது கணுக்கால் வீங்கி, கால் வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பெருவிரலால் வீக்கத்தின் மேல் எதையோ அழுத்தி உள்ளே தள்ளினார். உள்ளே போயிற்று. விரலை எடுத்தார். மறுபடி வெளியே நழுவியது.

"இது டாக்டர்?"

"பாக்கலாம்," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மைக்காவைப் பெயர்த்துப் பீரோவுக்குப் பின்னால் சொருகினார். சாக்கு விரித்தார்.

"ஏங்க, தரை எங்க?"

"குளிரு வருதுல்ல. சாக்கு சூடா இருக்கும்."

"ம்," என்றாள் ஜோசபின். நவம்பர் குளிர் அன்றைக்குத்தான் வந்த மாதிரி சவரிமுத்து கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

விலங்கு மாட்டிய குஞ்சுகள் சாக்குப் பந்தயத்துப் பிள்ளைகள் மாதிரித் துள்ளி விழுந்தன, எழுந்தன, சலித்துக்கொண்டன. பின்பு ஒரு காலையில் ஒன்று தீனித்தட்டு வரை நடந்தே போயிற்று. பிளாஸ்திரியை எண்ணெய் தொட்டு மெதுவாக உரித்தபோது எல்லாம் நேராக நின்றன. சவரிமுத்து இரண்டு நாள் தொழிற்சாலையில் தானே மருத்துவம் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வியாதிக்குக் காரணத்தை யாராவது கேட்டால், "இந்த ஊரு காத்து சரியில்லப்பா," என்றார்.

பழுப்புக் கோட்டுக்குஞ்சு மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு காலை உந்தி வட்டமாகச் சுற்றியது. தீனியை உள்ளங்கையில் வைத்து நீட்டினால் வெறி பிடித்த மாதிரிக் கொத்தித் தின்றது. தின்றுவிட்டு அதே கையில் தூங்கியது. அந்தக் கையால் அவர் என்ன செய்வது? அப்படியே உட்கார்ந்திருந்தார், டீ ஆறிப்போகும் வரை.

அப்போதுதான் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வதைக் கவனித்தார். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனபோது டாக்டர், "பாக்கலாம்." இஸ்மாயில் கடையில், "பாக்கலாம்ணே," சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்தார். பத்ரிநாத்கூட, "பாப்போம் ஓய், எல்லாம் பகவான் விட்ட வழி." கோழிக்குஞ்சுக்காகப் பகவானை இழுக்கிற ஆளா அவர்?

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வரும்போது, பத்ரிநாத் வீட்டு வாசலில் ஜோசபினும் அவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் பேச்சு நின்றது. "கறிவேப்பிலை கேட்டு வந்தேன்," என்றாள். கையில் கறிவேப்பிலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வெளியே நண்பர்களிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தபோது, பஜார் முனையில் இஸ்மாயில் கடையிலிருந்து அவள் இறங்கி வருவது தெரிந்தது. கையில் கறி இல்லை. ஒரு மூங்கில் கூடை, குஞ்சு ஒன்று உட்காரும் அளவு.

சவரிமுத்து ஜோக்கைப் பாதியில் விட்டார். எல்லாம் கூடிப் பேசிவிட்டார்கள். வீட்டில் செத்தால் சட்டப்படி அத்தனையும் போக வேண்டும். அதனால் சாவதற்கு முன்பே இந்த ஒன்றைப் பாய் கடைக்குக் கூடையில் அனுப்பிவிட்டு, 'அது செத்துப்போகலையே, குடுத்துட்டோம்' என்று சொல்லப் போகிறாள். ஜோசபினுக்கு இவ்வளவு சட்ட அறிவு எங்கிருந்து வந்தது? பத்ரிநாத்தான். கணக்குப் பிரிவு மூளை.

திங்கட்கிழமை வயிற்றுவலி என்று லீவு போட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பேப்பர் படித்தார். குளிக்கப் போகும்போது குஞ்சையும் பக்கெட்டில் வைத்துக் கூடவே எடுத்துக்கொண்டு போனார். ஜோசபின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பெரிய சந்தேகமாக இருந்தது.

மத்தியானம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குஞ்சை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஜோசபின். ஊரே என்கிட்ட பாக்கலாம் பாக்கலாம்ங்குது. நீயாவது நேரா சொல்லு. இது நடக்குமா, நடக்காதா?"

முறம் நின்றது.

"நடக்காது."

அவர் குஞ்சின் முதுகைத் தடவினார். அது கண்ணை மூடியது.

"பத்ரி சார் வீட்டு போன்ல டாக்டர்கிட்ட பேசினேன்," என்றாள். "மூட்டு மேல ஓடற நரம்பு எகிறிப் போச்சாம். ஆரம்பத்துலயே தள்ளி விட்டிருந்தா நின்னிருக்குமாம். இப்ப நேரம் போச்சு. வலி இல்லாம முடிச்சுடறது ஒரு வழி, யோசிங்கம்மான்னாரு. யோசிச்சேன். பாய் கடைக்குப் போய், எப்படிச் செய்வீங்கன்னு கேட்டேன். சொன்னாரு. கேட்டுக்கிட்டு அங்கியே கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம், அந்தக் கூடை இருந்தா குடுங்க பாய்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"கூடை எதுக்கு?"

"அடியில ரெண்டு ஓட்டை போட்டு, துணி கட்டி, அதுல உக்கார வச்சா காலு தொங்கும், நெஞ்சு அழுந்தாது. தீனியும் தண்ணியும் மூக்குக்கு நேரா வைக்கணும். டாக்டர்தான் சொன்னாரு. எவ்வளவு நாள் இருக்கும்னு அவருக்கே தெரியல. இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."

"அப்ப அந்த... மிச்சத்தையெல்லாம் கடைக்கு அனுப்பறேன்னியே?"

"வாய் வார்த்தைக்குச் சொன்னேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்லாமல் சவரிமுத்து பேச்சை மாற்றினார். "இத என்கிட்ட ஏன் சொல்லல? எல்லார் வாயையும் நீதான் கட்டி வச்சிருந்தியா?"

"ஆமா. இது நடக்காதுன்னு சொன்னா, அடுத்ததா யாரு காரணம்னு கேப்பீங்க. அதுக்கும் நேரா சொல்ல வேண்டி வரும். உங்களால சாப்பிட முடியாது."

முறத்தில் ஒரு எறும்பு ஊர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் எழுந்து போய்விடலாம். பத்ரிநாத்மேல் இன்னும் ஒரு கால்வாசிச் சந்தேகம் பாக்கி இருந்தது. அதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம்.

"யாரு காரணம்?" என்றார்.

"நீங்கதாங்க," என்றாள் ஜோசபின். "குஞ்ச இப்படிக் குடுங்க. எந்திரிச்சுப் போய்க் கூடைய எடுத்துட்டு வாங்க."