எழுந்திருக்கும் நிமிஷம்

மத்தியானம் மூன்று மணிக்குத் தாரணியின் போன் வந்தபோது கணேசமூர்த்தி வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், உங்ககிட்ட இருக்கற டிஸ்க் எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துட்டு வந்துடுங்க. கிளையண்ட் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்திருக்கார். ஆறரைக்கு பீரோவைத் திறந்து எண்ணுவாராம். அஞ்சும் இருக்குல்ல சார்?"

இருக்கும்மா என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் காலர் கருகும் வாசனை வந்தது. வீட்டில் நாலுதான் இருந்தன.

ஒக்கலிபுரத்தில் பதினெட்டு வருஷம் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவர் அவர். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் கேசட்டை முதலுக்குச் சுற்றிக் கொடுக்கவில்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். இவர் கடையில் மட்டும் தலைகீழ். "சுத்தாதீங்க, நிறுத்தின எடத்துலயே குடுங்க" என்பார். கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாடா எந்த இடத்தில் நிற்கிறதென்று பார்ப்பார். பாதியில் நின்றால் ஆட்கள் பாதியில் எழுந்துவிட்டார்கள். கடைசியில் நின்றால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அவருக்குச் சினிமா ஞானம் என்று இருந்ததெல்லாம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே எந்தப் படம் நூறு நாள் ஓடும், எது எழுபதில் படுக்கும் என்று சொல்வார். பெரும்பாலும் பலித்தது.

கேபிள் வந்து கடை மூடி, வீட்டில் சும்மா கிடந்த மனிதரை ஊர்க்கோடி வைட்ஃபீல்டில் இருந்த தன் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் தாரணி. ஈரோட்டுப் பெண், இருபத்தாறு வயது. அவளுக்குக் கீழே இருபது பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து அமெரிக்க சினிமா வலைத்தளம் ஒன்றுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். அங்கே வருஷா வருஷம் கொடுக்கிற பெரிய விருதுக்கு முதலில் ஐந்து படங்களைக் கடைசிச் சுற்றுக்குப் பொறுக்கி அறிவிப்பார்கள். அந்த ஐந்து எவை என்று முன்னாலேயே ஊகித்துப் பட்டியல் போடுவதுதான் இவர்களுடைய தை மாதத்து வேலை. படங்கள் இங்கே தியேட்டருக்கு வரப் பங்குனியாகும். அதனால் பிள்ளைகள் மற்றவர்கள் போட்ட பட்டியல்களைப் பார்த்துத் தங்கள் பட்டியலைப் போட்டார்கள். "உங்களுக்கு வேற கணக்கு இருக்கு சார்" என்று அவரைச் சேர்த்துக்கொண்டாள் தாரணி. ஆறு மாதம் பார்ப்பார்கள், அப்புறம்தான் நிரந்தரம். இந்த மாதம் ஆறாவது.

கலிஃபோர்னியாவிலிருந்து கூரியரில் வந்த டிஸ்குகளில் ஐந்தை அவரிடம் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுப் பார்க்கலாம், வேறு யாருக்கும் காட்டக்கூடாது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே பொறுப்பு என்று தாரணியும் போட்டாள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கே மனிதர் ஐந்தையும் ஐந்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். தப்பு என்று தெரியாமலில்லை. ஆனால் தான் ஒருவனாக உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல அவருக்குத் தெரியாதே. பழைய வாடிக்கையாளர்கள்தான் அவருக்குத் தெரிந்த தராசு. வாரம் முழுக்க டிஸ்குகளை வீடு மாற்றி வீடு சுழல விட்டு, "எத்தனாவது நிமிஷத்துல எழுந்தீங்க?" என்று கேட்டுச் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார்.

எல்லாப் பட்டியலிலும் இருந்த போர்ப் படத்துக்கு ஒக்கலிபுரம் நாற்பதாவது நிமிஷத்தில் மாவாட்டப் போய்விட்டது. யாருமே பட்டியலில் சேர்க்காத ஒரு படம், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற கிழவரும் அவரோடு பேசாத மகளுமாக, பாட்டில்லை, சண்டையில்லை, பேச்சும் அரைகுறை இங்கிலீஷ். அதை மூன்று வீட்டில் கடைசிவரை பார்த்திருந்தார்கள். போர்ப் படத்தை எடுத்துவிட்டு இதை ஐந்தாவதாகப் போட்டார் கணேசமூர்த்தி. அவரே அதை முப்பதாவது நிமிஷத்துக்கு மேல் பார்க்கவில்லை, தூங்கிவிட்டார். "நிச்சயமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள் தாரணி. வெள்ளிக்கிழமை பட்டியல் வெளியானது. இன்று நம் ஊர் நேரம் ஏழு மணிக்கு அங்கே பெயர்களை வாசிப்பார்கள்.

காணாமல் போனது அந்த மீன் டிஸ்க்தான்.

தையல்காரி சரளா மிஷினை நிறுத்தாமலேயே பதில் சொன்னாள். "அதுவா அண்ணா, என் தம்பி நாகேஷ் நேத்து எடுத்துட்டுப் போனான். நான் முழுசா பாத்துட்டேன். கடைசில அழுகையே வந்துடுச்சு, ஏன்னுதான் தெரியல."

நாகேஷ் சிவாஜிநகரில் திருட்டு டிஸ்க் கடையில் வேலை செய்கிறவன். அந்தச் சந்தில் காலையில் ஒன்றாக இருப்பது சாயங்காலம் ஐந்நூறாகிவிடும். அந்தப் படத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையின் மூலையில் நாற்பத்தொன்று என்று ஓர் எண் வந்து போகும். டிஸ்க் யார் கையிலிருந்து வெளியே போயிற்று என்று காட்டிக்கொடுக்க அவர்கள் போட்டது; கணேசமூர்த்தியின் எண். ஐந்நூறிலும் வரும். அவருக்குப் போனால் ஒரு வேலை. அந்தப் பெண்ணுக்கு? ஈரோட்டில் அவள் அப்பாவிடம் யார் போய் என்ன சொல்வது? தெருவில் நின்றபடியே செல்போனில் நாகேஷைக் கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க அங்கிள். எங்கிட்ட இல்ல. ராத்திரியே கோவிந்தப்பா மாமா வீட்ல குடுத்துட்டேன்."

"காப்பி போட்டியாடா?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. "அந்தப் படத்த யாரு அங்கிள் வாங்குவா. ஒரு ஃபைட்டுகூட இல்ல."

போடவில்லை என்று அவன் சொல்லவில்லை. போட்டேன் என்றும் சொல்லவில்லை. யார் வாங்குவார்கள் என்கிறான், தினமும் நூறு பேருக்கு விற்கிறவன். காப்பி போட்டிருப்பானோ என்று ஒரு பயம், யாரும் வாங்காத படத்தையா பட்டியலில் போட்டோம் என்று இன்னொன்று; நெஞ்சில் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நாலே முக்கால். ஐந்துக்கு மெயின் ரோட்டில் ஆபீஸ் வேன்.

கோவிந்தப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுரங்கப்பாதையை ஒட்டிய ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. ஜன்னலைப் போர்வையால் மூடி, கோவிந்தப்பாவும் மனைவி வீணாவும் பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வெள்ளை வெளேரென்று ஏரி.

"கூத்கொள்ளி கணேஷ், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, திரும்பாமலேயே நகர்ந்து இடம் கொடுத்தார் கோவிந்தப்பா.

"டிஸ்க் வேணும் சார். இப்பவே."

"பத்து நிமிஷம் பொறுங்க. அந்தப் பொண்ணு இப்பதான் அப்பாவைத் தேடிட்டு ஐஸ் மேல நடந்து வர்றா."

"வேன் வந்துடும் சார். ஒரு பொண்ணோட வேலை போயிடும்."

"இந்தப் பொண்ணு பாதி ஏரி வந்துட்டாளே" என்றாள் வீணா. கேலியாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

மூலையில் நாற்பத்தொன்று வந்தது. மெயின் ரோட்டிலிருந்து வேன் ஹாரன் இரண்டு தடவை, அப்புறம் நீளமாக ஒரு தடவை. கணேசமூர்த்தி குனிந்து பொத்தானை அழுத்தினார். தட்டு வெளியே வந்தது. டிஸ்க் சூடாக இருந்தது. உறையில் போட்டுச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். யாராவது திட்டுவார்கள் என்று நினைத்தார். "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மற்ற நாலும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. செல்போனில் தாரணி. "சார், ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டேம்மா."

"அஞ்சும்?"

"அஞ்சும்." நாகேஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

"அஞ்சாவது படம்தான் சார் எனக்கு பயமா இருக்கு. எல்லாரும் சிரிக்கறாங்க."

சுரங்கப்பாதைக்குத் திரும்புகிற இடத்தில் ஏதோ லாரி வழிவிடாமல் மறித்துக்கொண்டிருக்க, வேன் நின்றது. பதினெட்டு வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் மனிதர்கள் எப்போது எழுந்தார்கள் என்பதை மட்டும்தான். கண்ணாடிக்கு வெளியே கோவிந்தப்பா வீட்டுக் கதவு இன்னும் திறந்திருந்தது. டிஸ்க் இல்லாத டிவியில் வெறும் நீலம். அந்த நீலம் நாலு முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் தாரணி.