பண்ணாடியின் வருமானம்

...சட்டையாவது கொஞ்சம் கசங்கியிருக்கலாம், பழசு எதையாவது எடுத்து வை என்று கமலாத்தாளிடம் அத்தனை தடவை சொல்லியும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையைத்தான் எடுத்து வைத்தாள், கல்யாணமான நாளாய்ப் பழகிய கை, வேறெங்கே போகும்? வில்லேஜ் ஆபீஸ் பெஞ்சில் அசைந்தால் வேட்டி மொடமொடக்கிறது, இதைக் கட்டிக்கொண்டு எனக்கு வருமானமில்லை என்று எந்த வாயால் சொல்வது என்று மோகனசுந்தரம் நெளிந்தார். பொய்யாக இருந்தால் கூசாமல் சொல்லிவிடலாம், நிஜமாயிற்றே... தென்னையில் வெள்ளை ஈ, கொடுத்த நெல்லுக்கு இன்னும் காசு வரவில்லை, சங்கிலி பேங்கில் இருக்கிறது, கழுத்தில் கிடப்பது அதன் கவரிங் தம்பி. இதையெல்லாம் மறைக்கப் பட்ட பாட்டில் பாதியை வயலில் பட்டிருந்தால்? சரி, அது இப்போது எதற்கு. அனுப்பிரியாவுக்குப் பாலக்காட்டுக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது, சாயங்காலத்துக்குள் வருமானச் சான்று போனால் ஃபீஸ் சலுகை, போகாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்கு. சலுகை என்ன சலுகை, வாய்க்காலோரத்து வயலை விற்றுப் படிக்க வைக்கிறேன் என்று இவர் மீசையைத் தடவியபோது, அது அடமானத்தில் இருக்கிறதென்று மகள்தான் ஞாபகப்படுத்தினாள். படிப்புக் கடனா, நிலபுலமுள்ள பண்ணாடி மகள் கடனில் படிப்பதா என்றதற்குச் சிரித்தாள். "இன்னிக்கு ஒரு நாளைக்குக் கௌரவத்த ஊட்டுலயே வெச்சுட்டுப் போங்கப்பா." வைத்துவிட்டுத்தான் வந்தார், அது பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது.

பக்கத்து வயல் பூபதிராஜா உள்ளே நுழைந்தபோது கௌரவம் முந்திக்கொண்டது. ஏனுங்க பண்ணாடி, இங்கெங்க என்றார் அவர், சும்மா, நிலவரி கட்டலாம்னுங்க என்றார் இவர், அந்த நேரம் பார்த்தா ஆபீசரம்மா உள்ளிருந்து உரக்கக் கேட்க வேண்டும், வருமான சர்டிபிகட்டுக்கு வந்த மோகனசுந்தரம் ஆருன்னு! எழுந்தார். கஞ்சியும் கூடவே எழுந்தது. வேட்டியையும் சங்கிலியையும் ஏற இறங்கப் பார்த்த அந்தம்மா, அயல்காரர் ஆராவது சொன்னால்தான் ஒப்புதல் என்று பூபதிராஜா பக்கம் திரும்பினார். போச்சு. அடுத்தவரைப் பற்றிக் கேட்டால் அவருக்கென்னங்க, ராஜாவாட்டம் என்று சொல்வதுதானே இந்தப் பக்கத்து மரியாதை, மாமன் மச்சானைக் கேட்டாலும் அதுதான் பதில், எத்தனை விருந்தில் அதைக் கேட்டுக் குளிர்ந்திருப்பார், இன்றைக்கும் அந்த மரியாதையைக் காட்டினால் அனுவின் படிப்பு அதோடு முடிந்தது... கொஞ்சம் திட்டுங்களேன் மச்சான், கேவலமாக ஒரு வார்த்தை...

பூபதிராஜா கழுத்து வேர்வையைத் துடைத்தார், யோசிக்கக்கூட இல்லை. "அவருக்கு ஒண்ணுமே இல்லீங்கம்மா. எழுதிக் குடுங்க. ஊருக்கே தெரியும்."

கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, அக்ஷயா சென்டரில் போய்ச் சான்றைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றார் அந்தம்மா. ஆச்சு கண்ணு, நீ காலேஜுக்குக் கிளம்பு என்று போனில் சொன்னபோது மகள் கத்திய சந்தோஷத்தில் அவருக்கும் பஸ்ஸுக்கு ஓடலாம்போல இருந்தது, ஓடவும் செய்தார், பாதி வழியில் கால் நின்றது. ஊருக்கே என்றால்... எப்போதிருந்து? போன மாசம் கல்யாண வீட்டில், புது டிராக்டர் வாங்குவதாக இவர் அளந்தபோது, பக்கத்து இலையிலிருந்து பூபதிராஜா அத்தனை பிரியமாகக் கேட்டாரே, சிவப்புங்களா நீலமுங்களா என்று...