பொட்டு வைத்த பாறை

நெமிலிச்சேரிக்கு மேற்கே எங்கள் கல்குவாரி. ஆவடியில் பாக்டரி வந்தபோது, நாங்கள் கூலிக்கு நடவு செய்துகொண்டிருந்த வயல் எல்லாம் பாக்டரிக்குள் போய்விட்டது. பாக்டரி கட்ட ஜல்லி வேண்டியிருந்தது. நட்டுப் பிழைத்த வயலை மூடுவதற்கு நாங்களே கல் உடைத்துக் கொடுத்தோம். வேலை போகவில்லை, மாறியது என்று அப்போது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

குவாரியில் நான் ஜம்பர் போடுகிறவன். ஜம்பர் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. அதைப் பாறையில் குத்திக் குத்தித் துளை போட்டால், துளைக்குள் மருந்தைக் கிட்டித்து வெடி வைப்பார்கள். தரையில் நின்று துளை போடுவது ஒரு ரகம். இடுப்பில் கயிறு கட்டிப் பாறை முகத்தில் தொங்கியபடி போடுவது இன்னொரு ரகம். அந்த இரண்டாவது ரகத்துக்கு என் மச்சினன் தேவராஜ் இருந்தான். குடைப்பாறை என்று குவாரியின் மேற்குக் கோடியில் ஒரு பாறை. உச்சியில் குடை விரித்தது போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குடைக்கு அடியில் துளையைப் பாதி போட்டிருந்தபோது தேவராஜ் விழுந்தான். கால் எலும்பு கோணலாகச் சேர்ந்தது. பிறகு அவனை வாட்ச்மேனாக வைத்தார்கள். ஓட முடியாதவன் எப்படி வாட்ச்மேன் என்று யாரோ கேட்டதற்கு, "இங்க ஓடற பொருளு எதுவும் இல்லியே" என்றார் மேஸ்திரி குணசேகரன்.

மற்ற பக்கத்துக் கல் எல்லாம் தீர்ந்துகொண்டு வந்தது. எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, ஆடி பிறந்த சமயம், மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"சின்னசாமி, ஆடி போனா குடைப்பாறைல கை வெக்கறோம். நீதான் தொங்கணும்."

"எனக்கு வயசாயிப்போச்சு மேஸ்திரி."

"வயசானா நல்லதுதான்யா. வெய்ட்டு கம்மியா இருப்பே, கயிறு தாங்கும்."

மாட்டேன் என்றால் வேலை இல்லை. சரி என்றால் தேவராஜின் கால் கண்முன்னே நடந்துபோகிறது. எனக்குப் பயம். அதை மறைக்க ஒன்றுமில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பெண்சாதி அங்கம்மா மட்டும், "இன்னா, கொழம்பு புடிக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு லீவு. முனை மழுங்கிய ஜம்பர்களைக் காய்ச்சி அடிப்பதற்காக நான் மட்டும் பட்டறைக்கு வருவேன். தேவராஜ் வாட்ச்மேன் கொட்டகை வாசலில் பீடியோடு உட்கார்ந்திருப்பான். அந்த நாளில்தான் பாக்டரி குவார்ட்டர்ஸ் ஆபீசர்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வந்து இறங்குவார்கள். பாறை ஏறும் சங்கமாம் அவர்களுக்கு. சங்கத் தலைவர் பார்த்தசாரதி சார், திருச்சிக்காரர். பிறந்ததிலிருந்து வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலைதான் என்பார். ஆவடிக்கு மாற்றலாகி வந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் தரை தட்டையாகவே இருக்கிறது என்று வெறுத்துப்போய், தேடித் தேடி எங்கள் குடைப்பாறையைக் கண்டுபிடித்தாராம். நாங்கள் அதைத் தொலைத்திருந்தால் அல்லவா கண்டுபிடிப்பதற்கு.

பளபளவென்று கயிறு, தலையில் தொப்பி, காலில் கான்வாஸ் ஷூ. ஒருவர் ஏறுவார், கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார், மற்றவர்கள் கை தட்டுவார்கள். ஏறினவர் இறங்கிவிடுவார். பிறகு அடுத்தவர் ஏறுவார்.

"மாமே, மேல போயி இன்னாத்தை எடுத்தாந்தாரு?" என்று தேவராஜ் கேட்பான்.

"ஒண்ணும் இல்ல."

"அப்போ இன்னாத்துக்குப் போனாரு?"

"எறங்கறதுக்கு."

"அத்த நான் ஒரே நிமிசத்துல பண்ணிகாட்னேனே, யாரும் கை தட்டலியே!"

ஆடி இரண்டாவது ஞாயிறு பார்த்தசாரதி சார் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். கயிற்றில் தொங்கிக்கொண்டு, கீழிருந்து குடை அடிவரைக்கும் பாறையில் அங்கங்கே வெள்ளை வட்டம் போட்டு, அதன் நடுவில் சிவப்புப் புள்ளி வைத்தார். இறங்கி வந்தபோது சட்டையெல்லாம் பெயிண்ட்.

"இன்னா சார் இது?" என்றான் தேவராஜ்.

"புதுசா சேர்ற பசங்களுக்குக் கை எங்க வெக்கறது, கால் எங்க வெக்கறதுன்னு தெரியல. அதுக்கு அடையாளம். அட, பிரஷ்ஷை மேலயே விட்டுட்டேன் பாரு."

"உடு சார். அடுத்த மாசம் இதெல்லாம் ஜல்லி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "யார் உடைக்கப் போறா?"

"இதோ, எங்க மாமாதான்."

கொலைகாரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு, "எங்க தொங்குவீங்க?" என்றார்.

"குடைக்கு அடியில சார்."

"அங்க பிடிமானமே கிடையாதே! பயமா இருக்காது?"

"உங்களுக்கு சார்?"

"எங்களுக்கு அதுதானே சந்தோஷம்," என்றார்.

இனி சொல்லப்போவது புரிய எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குவாரியில் பொட்டு வைத்த கல் அம்மன். வைக்காத கல் ஜல்லி. யார் வைத்தார்கள் என்ற கேள்வி கிடையாது. பொட்டு இருந்தால் அதன்மேல் உளி படாது. அப்படி வழியில் நிற்கிற அம்மனைச் சுற்றிக்கொண்டு லாரியே போகும்.

திங்கட்கிழமை காலை ஜல்லி சுமக்கக் கூடையோடு வந்த பெண்களில் முதலில் பார்த்தது அங்கம்மாதான். கூடையைப் போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"அடி தாயே! மேல வரிக்கும் வந்து நின்னுகினு கீறாளே!"

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கையைப் பெண்கள் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவர்களுக்குத் துணி துவைக்கவே பொழுது சரியாக இருக்கும். மேஸ்திரி ஓடிவந்தார்.

"இன்னாம்மா கூட்டம்? இது பெயிண்டும்மா! மோந்து பாரு, வாசனை அடிக்குது!"

"அம்மன் வந்தா வாசனை அடிக்காம பின்ன நாத்தமா அடிக்கும்?" என்றாள் அங்கம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் வயிறு பசிக்க ஆரம்பித்தது. தேவராஜ் மட்டும் நொண்டிக்கொண்டே வந்து, பாறைக்கு முன்னால் தடாலென்று விழுந்தான். நேற்று பெயிண்ட் டப்பாவுக்கு மூடி திறந்து கொடுத்தவனே அவன்தான்.

"என்னைத் தள்ளினது யாருன்னு இம்மாம் நாளா தெரியாம இருந்தேனே! நீதானா தாயே!" என்று அழுதான். உண்மையாகவே கண்ணீர் வந்தது. அழுது முடித்து எழுந்தபோது அவன் பூசாரி.

பெண்கள் கூடையைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்துக் காண்டிராக்டர் பூந்தமல்லியிலிருந்து காரில் வந்தார். மேடையேறி சாமி இல்லை என்று பேசுகிறவர். பாறையை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. ஆனா உழைக்கற ஜனங்க மனசு நோகக் கூடாது," என்றார். குடைப்பாறையை விட்டுவிட்டு, கிழக்கே தரையைத் தோண்டிக் கல் எடுக்கச் சொன்னார். காரில் ஏறும் முன் டிரைவரிடம் ஜாடை காட்ட, டிரைவர் டிக்கியிலிருந்து தேங்காய் எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போனான்.

தரையில் நின்று ஜம்பர் போடுகிற வேலை எனக்கு. அன்று வீட்டில் மூன்றாவது தரம் சோறு கேட்டேன்.

ஐப்பசியில் பாறை அடியில் கீற்றுக் கொட்டகை வந்தது. பிறகு போர்டு வந்தது. முதியோர் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். 'அருள்மிகு குடையம்மன்' என்று வாசிக்க வெகு நேரம் பிடித்தது. அதன்கீழ், 'காலணியுடன் பாறையில் ஏறக்கூடாது' என்று இருந்தது. அது எளிதாக வந்தது.

பார்த்தசாரதி சார் பாறை பிழைத்த சந்தோஷத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு ஆட்களோடு வந்தார். போர்டைப் பார்த்து ஷூவைக் கழற்றினார். பாறையில் கை வைக்கப் போனார்.

"பொட்டு மேல கை வெக்காதே சார்," என்றாள் அங்கம்மா.

"சரிம்மா, காலை மட்டும் வெக்கறேன்."

"காலா? அம்மன் நெத்தியிலயா?"

கை வைக்கிற இடம், கால் வைக்கிற இடம் எல்லாவற்றிலும் அவரே பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்திருந்தார். வேறு பிடிமானம் பாறையில் இல்லை. அதற்குப் பிறகும் சங்கம் ஞாயிறு தவறாமல் வந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு போனார்கள். தேவராஜ் அவர்களை வரிசையில் நிற்க வைப்பான்.

அடுத்த ஆடி வந்தது. ஒரு வருஷ வெயிலில் பெயிண்ட் உரிந்துவிட்டது.

"அம்மன் நெத்தி காலியா கீது," என்றாள் அங்கம்மா. "மொத வெள்ளிக்கு மஞ்சளு குங்குமம் வெச்சே ஆவணும். குடை அடி வரிக்கும்."

"யாரு வெக்கறது?" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தேவராஜுக்குப் பதிலாகக் கயிற்றில் தொங்க மேஸ்திரி பேர் சொன்ன ஆள் நான்தானே.

"நான் ஏறி வெக்கறேனே," என்று பார்த்தசாரதி சார் முன்னால் வந்தார். குரலே கெஞ்சியது. "நான் சுத்த சைவம்மா."

"இன்னாவா இரு சார். கல்லு ஒடைக்கற ஆளுதான் வெக்கணும். அது எங்க மொறை."

அப்போதுதான் நான் உண்மையைச் சொன்னேன். "அது அம்மன் வெச்ச பொட்டு இல்ல. பெயிண்டு. இந்த சாரு அடிச்சாரு. நான் கண்ணால பாத்தேன். தேவராஜும் பாத்தான்."

தேவராஜ் கையில் மணியோடு, "பயத்துல ஒளர்றாரு பாவம்," என்றான்.

"நீ சொல்லு சார்," என்றேன். ஆமாம் என்றால் பாறை உடைந்துவிடும். பார்த்தசாரதி சார் என்னைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், கடைசியில் கைகூப்பி, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார்.

மேஸ்திரி குணசேகரனைத் தேடினேன். அவர் கோயில் கமிட்டித் தலைவராகி நன்கொடைச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார்.

விரதம் இருக்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் வேட்டி கட்டி, இடுப்பில் குங்குமச் சொம்பைத் தொங்கவிட்டு ஏற்றினார்கள். சங்கத்துக் கயிறு. கீழே பிடித்திருந்தவர் பார்த்தசாரதி சார். கூலிக்குத் தொங்கியிருந்தால் மருந்து வைத்த அன்றோடு பாறை போயிருக்கும், பயமும் அதோடு போயிருக்கும். அம்மனுக்கு ஆடி வருஷா வருஷம் வரும்.

"இடது கால்! இடது காலைத் தூக்குங்க! ஐயோ, அது எவ்வளவு அருமையான பிடிமானம் தெரியுமா!" என்று கீழிருந்து அவர் கத்தினார்.

"யோவ், பொட்டு கோணலா கீதுய்யா! நடுவுல வை!" என்று அங்கம்மா கத்தினாள்.

குடை அடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தேவராஜ் பாதி போட்ட துளை கண்ணெதிரே இருந்தது. துளைக்குள்ளே பிரஷ். பெயிண்ட் காய்ந்து கட்டையாகிப் போயிருந்தது. சாட்சி கிடைத்துவிட்டது, இதோடு தப்பித்தேன் என்று கையெல்லாம் புதுத் தெம்பு. கடைசிப் பொட்டை வைத்துவிட்டு பிரஷ்ஷை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். குலவை காதைப் பிளந்தது.

"பாருங்க!" என்று பிரஷ்ஷை நீட்டினேன். "இத்தாலதான் அடிச்சாரு. பெயிண்டு ஒட்டிகினு கீது பாருங்க!"

பார்த்தசாரதி சார் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். அங்கம்மா பிரஷ்ஷை இரண்டு கையாலும் வாங்கினாள். சிவப்பு ஒட்டியிருந்த மயிரைத் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவளே வெச்சிகினு இருந்ததைக் குடுத்து அனுப்பிகீறா," என்றாள். "இன்னாத்துக்குக் குடுத்தா? இனிமே இத்தாலதான் வெக்கணும்னு."

தேவராஜ் அதற்குத் தீபாராதனை காட்டினான்.

இப்போது அந்தப் பிரஷ் மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் காலடியில் இருக்கிறது. ஆடி முதல் வெள்ளிக்கு எடுத்து என் இடுப்பில் செருகுவார்கள். வெந்நீரில் ஊறவைத்ததும் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். விரலால் வைப்பதைவிடப் பொட்டு வட்டமாக விழுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.