சரிகையால் கட்டிய செடிகள்

என் டிகிரி சர்ட்டிஃபிகேட்டைக் குடுத்துடுங்க சார் என்று கேட்டேவிட்டாள் கிரேஸ், எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்டுடாதம்மா, வேலையை உட்டுப் போறன்னு நெனச்சிக்குவாரு என்று அப்பா முனுசாமி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, அதுவும் பட்டுக்கடை நடுக்கூடத்தில், முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் பார்க்க... முதலாளி குமாரசாமி சிரித்தார். "இன்னாமா இது, தொட்டியில நத்தை ஏன் செத்துச்சின்னு கேட்டா சர்ட்டிஃபிகேட்டக் கேக்குற? விலங்கியல் படிச்சவதான நீ?" படித்தவள்தான், வீட்டிலேயே முதல் ஆளாகப் படித்தவள், அந்தத் தாளை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டுப் புடவை மடிக்க உட்காரவைத்தவர் இவர்தானே, வாசலில் மீன்தொட்டி வைத்த பிறகல்லவா இவருக்கு அவள் படிப்பு நினைவு வந்தது.

அவளுக்கு மட்டும் என்ன தெரியும், மீன் கழிமுகத்து மீன், கடலும் ஆறும் கலக்கிற தண்ணீர் வேண்டும், போனில் படித்துப் படித்து உப்பை அளந்து கரைத்தாள், மணலில் நட்ட முதல் செடிகள் கூழாகிப்போயின, ஜாவா ஃபெர்ன் என்கிற அந்தச் செடியை நடவே கூடாது, தண்டைக் கல்மேல் வைத்து நூலால் கட்ட வேண்டும் என்று அழுகிய பிறகுதான் தெரிந்தது, உரமும் இல்லை, பெரிய விளக்கும் இல்லை, ஆனாலும் இரண்டு மாதம் கழித்து ஒரு புது இலை, சுருண்டு, நகத்தளவு... "உப்புத் தண்ணியில கீரை போட்டுக்கினு இருக்கா பாரு, கடையறப்ப உப்பே தேவையில்ல" என்று கூட வேலை செய்யும் கிருஷ்ணவேணியக்கா கேலி செய்தாள், செய்யட்டுமே, அந்த இலை அவளுடையது. போன வாரம் முதலாளிதான் வந்து நின்றார், வெறும் நூலு நல்லாவா இருக்குது, சரிகையால கட்டு, காஞ்சிபுரம்னு தெரியட்டும். கட்டினாள். அந்தச் சரிகையில் செம்பு இருக்கிறது, உப்புத் தண்ணீரில் செம்பு கரையும், நத்தைக்கு விஷம்... தெரியாதா? மூன்றாவது முடிச்சிலேயே தெரியும். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை, பீரோவில் இருக்கிற தாளுக்காகவா, அப்பாவுக்காகவா, ஒரு தாளுக்குப் பயந்து ஏழு நத்தையைக் கொன்றாளா...

"சரிகையாலதான் செத்துச்சி. நீங்க சொன்னீங்க, தெரிஞ்சே நான் கட்டுனேன்." அவர் முகம் மாறவில்லை. "தாளை எங்க வச்சேன்னே தெரியலமா. தீபாவளி போவட்டும், தேடுவோம்." கிரேஸ் கிருஷ்ணவேணியிடம் திரும்பினாள். "அக்கா, சரிகையை அறுத்துப் போட்டுட்டு பாதித் தண்ணியை மாத்திடுக்கா, மீனாவது பொழைக்கட்டும். உப்பளவு தொட்டிக்குப் பின்னாடி எழுதி ஒட்டியிருக்கேன்." "அப்ப நீ எங்கடி போற?" செருப்பை மாட்டினாள், டூப்ளிகேட் வாங்கலாம், தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், தொலையவில்லையே, பூட்டி வைத்திருக்கிறார் என்றுதான் எழுதப்போகிறாள், பேரோடு, கடைப் பேரோடு, அப்பா இன்றைக்குச் சாப்பிட மாட்டார்... வெயில் முகத்தில் அடித்தது, ஸ்டேஷன் பக்கம் நடந்தாள், இதைப் போன வாரமே செய்திருக்கலாமே, அப்போதும் கடைக் கதவு திறந்துதானே கிடந்தது...