வளைவில் எந்தப் பக்கம்

"இன்னாங்க, ஏழாம் நம்பர் டப்பா ஒண்ணு காலியா இருக்குதா?"

கடை ஷட்டரை அப்போதுதான் பாதி தூக்கியிருந்தேன். கள்ளக்குறிச்சியில் எங்களுடையது செருப்புக் கடை. கேட்டவள் என் மனைவி பாயிஸா, கல்வராயன்மலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை.

"ஆறாம் நம்பர் போதாதா?"

"ஆறுல போன நிமிர்த்தி வெச்சா போர்டு பாதிதான் தெரியுது. ஏழுதான் சரியா வருது. யாவாரத்துக்கு ஒரு டப்பா கம்மியாயிடும்னு பயமா?"

டப்பாவில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, அதில் போனைச் செருகிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸுக்கு ஓடினாள். அன்று மாலை, பள்ளி விட்ட பிறகு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மௌத்தானாள். டப்பாவும் போனும் ஒரு துணிப்பையில் வீடு வந்து சேர்ந்தன.

அந்தப் போனில் பத்தொன்பது பாடங்கள் இருந்தன. மலைப் பிள்ளைகள் சிலர் கார்த்திகையில் பெற்றோரோடு குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது பொதுத்தேர்வு நெருங்கியிருக்கும். முந்தைய ஆண்டு மூன்று பேர் தேர்வு எழுதவே வரவில்லை. "இந்த வருசம் ஒம்பது பேரு போறாங்க, ஒம்பது பேரும் எழுதணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் வகுப்பைத் தானே படம் பிடித்து வந்தாள். அதை ஒழுங்குபடுத்தி எஸ்டேட்டுக்கு அனுப்புவதற்குள் போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் நான் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சாமான் அடுக்கத் தெரியும். செல்போன் கடை வைத்திருக்கும் அவள் தம்பி தௌசிப்பை உட்காரவைத்து, பாடங்களுக்கு எண் போட்டேன். வரையறை முதலில், உதாரணம் அடுத்து, கணக்கு கடைசியில். கேட்பவர் கண்ணுக்கு நேராகச் சரக்கு இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே பாடம். நாற்பது நிமிட வகுப்பு ஒன்பது நிமிடமாகச் சுருங்கியது.

"இங்க அக்கா சும்மா நிக்கிறாங்க மச்சான். ஒண்ணுமே பேசல."

"வெட்டிடு" என்றேன். கடையில் இரண்டு பேர் பேசாமல் நின்றால் வியாபாரம் போயிற்று என்று அர்த்தம்.

ஒன்பது பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். முதல் பாடத்தை எல்லோரும் திறந்தார்கள். மூன்றாவதை எழில்மதி என்ற பெண் மட்டும். அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

"சார், டீச்சர் கேள்வி கேப்பாங்களே, அது எங்க போச்சு? இதுல டீச்சர் புக்கு மாதிரி பேசுறாங்க. நான் கொட்ட பறிக்கப் போறேன் சார்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். பாயிஸாவோடு ஒன்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறேன், அவள் வகுப்பில் எப்படி இருப்பாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்டாத வீடியோவை முதன்முறையாக முழுக்கப் பார்த்தேன்.

மூன்றாம் பாடம் நிலைமம். அவள் முதலில் அந்தச் சொல்லையே எழுதவில்லை. "நம்ம பஸ்ஸு மலையில வளையுது. டிரைவரு இடப்பக்கம் ஒடிக்கிறாரு. நீங்க எந்தப் பக்கம் சாய்வீங்க?" என்று கேட்டாள். பிறகு சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. இன்னொன்றும் கிறீச்சிட்டது. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடி, கம்பியைப் பிடித்தது போல் கையைத் தூக்கி. நானும் நாற்காலியில் சாய்ந்தேன். எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

நான் வெட்டி எறிந்தது இதைத்தான்.

ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று குறித்தேன். எல்லாம் ஒரே அளவு இல்லை. எளிய கேள்விக்கு நான்கு நொடி. உடம்பால் யோசிக்க வேண்டியதற்கு எட்டு, பத்து, பதினொன்று. வரையறை எப்போதும் அதற்குப் பின்னால்தான். என் அடுக்கு தலைகீழாக இருந்திருக்கிறது.

மூன்றாம் பாடத்தில் மட்டும் அந்த மௌனத்தைத் திரும்பச் சேர்த்து அனுப்பினோம். எழில்மதி உடனே பதில் அனுப்பினாள்.

"சார், பாதியில ஹேங் ஆயிடுச்சு. மூணு தடவ போட்டேன்."

தௌசிப் தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் மச்சான். வூட்டுல உக்காந்து எரைச்சல் எல்லாத்தயும் சுத்தமா தொடச்சிட்டேன். சத்தமே இல்லன்னா போன் நின்னுபோச்சுன்னுதான நெனப்பாங்க?"

"பெஞ்சு சத்தத்த வெய்யிடா."

"கிளாஸ் வீடியோல பெஞ்சு சத்தமா? எவன்னா கேட்டா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஜாஸ்தியாவே வெய்யி."

பெஞ்சு, வெளியே கத்தும் காக்கை, யாரோ மூக்கை உறிஞ்சுவது எல்லாம் திரும்ப வந்தன. கூடவே பாடத்தைக் கேள்வியோடு இரண்டாக உடைத்தேன். முதல் துண்டு அந்த மௌனத்தோடு முடியும். பதிலைக் குரலில் அனுப்பினால்தான் இரண்டாவது துண்டு போகும். தப்பான பதிலாக இருந்தாலும் போகும்.

மறுநாள் மதியம் எழில்மதி பேசியிருந்தாள். மூச்சு வாங்கியது.

"சார், வலப்பக்கம். எஸ்டேட் ஜீப்புல நின்னுக்கினே பாத்தேன். அது இடப்பக்கம் வளைஞ்சா நான் வலப்பக்கம் போறேன். ஆனா என்ன யாரு சார் தள்ளுறது?"

இரண்டாவது துண்டை அனுப்பிவிட்டு, நானும் அதைப் போட்டுப் பார்த்தேன். யாரும் தள்ளுவதில்லையாம். பஸ்தான் திரும்புகிறது, நம் உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது. பாயிஸா அப்போதுதான் போர்டில் நிலைமம் என்று எழுதினாள்.

எழில்மதி அந்தக் கேள்வியை மற்றவர்களுக்கும் அனுப்பியிருக்கிறாள். அந்த வாரத்தில் ஆறு பேர் பதில் சொன்னார்கள், அதில் இரண்டு பேர் தப்பாக. பத்தொன்பது பாடங்களையும் அதே போல் உடைக்க எங்களுக்குத் தை மாதம் முழுக்கப் பிடித்தது. தேர்வு எழுத எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். ஒன்பதாவது பையன், மாயவன், வரவில்லை. அவனுடைய எண் இன்னும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது.

இந்த ஆண்டும் ஏழு பேர் குடகுக்குப் போயிருக்கிறார்கள். தௌசிப் புதிய செயலி வாங்கி, எழுத்தை எல்லாம் அழகாக்கி, நிறம் மாற்றியிருக்கிறான். மூன்றாம் பாடத்தில் கேள்விக்குப் பிறகு பாயிஸா நிற்கும் நேரம் பதினோரு நொடி. அது பதினோரு நொடியாகவே இருக்கிறது.