பக்கத்து வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின்

1.

கும்மிடிப்பூண்டி ரயிலில் யாரோ விட்டுப்போன விளம்பரத் தாள்தான் இந்தக் கதை. 'உங்கள் நண்பரை அழைத்து வாருங்கள். அவர் வீடு வாங்கினால் உங்களுக்கு வாஷிங் மெஷின் இலவசம்.' எனக்கு மெஷினைவிட அந்த நண்பர் யார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

2.

முதல் தொடக்கம்: 'வெண்பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், எளாவூர் சோதனைச் சாவடியில்...'

(அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் எளாவூரிலும் பனி கொட்டும்.)

இரண்டாவது தொடக்கம்: விக்டோரியா எளாவூர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டாள். பக்கத்து வீடு இன்னும் விற்கவில்லை. வீடு தேடிக்கொண்டிருந்த அருணா அதற்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

இது நிற்கும்.

3.

இருவருக்கும் தேர்வாய் கண்டிகையில் ஒரே தொழிற்சாலை, கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட். விக்டோரியாவின் மகளுக்கு அம்மை போட்டபோது லீவு போட்டுப் பார்த்துக்கொண்டது அருணா.

மெஷின் விஷயத்தை மட்டும் விக்டோரியா சொல்லவில்லை. சொன்னால் அதற்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று அருணா நினைத்துவிடுவாளோ என்று பயம்.

(இங்கே அவளைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். மெஷின் அவளுக்கு வேண்டாமா? வேண்டும். போர்வை பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.)

4.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடு பார்க்கப் போனார்கள். வீடு விற்கும் துளசிராமன் குளிர்பானத்தோடு விக்டோரியாவிடம் ஓடிவந்தான்.

"வாங்க மேடம்! ஃப்ரெண்டு புக் பண்ணிட்டாங்கன்னா மெஷினு நேரா உங்க ஊட்டுக்கே வந்துரும்."

அருணா விக்டோரியா பக்கம் திரும்பினாள். "இன்னாடி மெஷினு?"

"அது... இவங்களா குடுக்கறாங்கடி. துணி தொவைக்கற மெஷினு."

"ஏழு கிலோ மேடம், ஃபுல்லி ஆட்டோமேட்டிக்," என்றான் துளசிராமன்.

"ஏழு கிலோதானா நானு?" அருணா சிரித்தாள். விக்டோரியாவால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

"சத்தியமா இல்லடி. நீ பக்கத்துல இருந்தா போதும்னுதான்..."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ வரமாட்டே."

"அதையும் நீயே முடிவு பண்ணிக்கினியா?"

5.

முடிவு ஒன்று: விக்டோரியா மெஷினே வேண்டாம் என்கிறாள். (தியாகம். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அருணா வேறு சீட்டில் போய்

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

எல்லோருக்கும் பிடித்த மாதிரி மூன்றாவது முடிவு ஒன்றை இலவச இணைப்பாகத் தரலாம்தான். அது துளசிராமனின் வேலை.

6.

அருணா இன்னும் விற்காத அந்தப் பக்கத்து வீட்டுக்குள் போய், சமையலறை ஜன்னலில் நின்றாள். சின்னச் சந்துக்கு அந்தப் பக்கம் விக்டோரியாவின் சமையலறை ஜன்னல்.

"உன் ஊட்டுக்குப் போ. அங்கேர்ந்து என்னைக் கூப்டு."

"எதுக்குடி?"

"கூப்டு. நீ இன்னாத்துக்கு கூப்புட்றேன்னு உன் கொரல்லயே எனக்குத் தெரிஞ்சிரும்."

விக்டோரியா ஓடினாள். சிமெண்ட் மூட்டைகளைத் தாண்டி, ஒரு செருப்பு கழன்று விழ, கதவு வைக்காத வாசலுக்குள் நுழைந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. எதிர் ஜன்னலில் அருணா கைகட்டி நின்றாள்.

"அருணா..."

இதற்குமேல் நான் எழுதினால் அது என் குரலாகிவிடும். நீங்களே ஒருமுறை வாய்விட்டு அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். அவள் வருவாளா மாட்டாளா என்பது நீங்கள் கூப்பிடுவதில்தான் இருக்கிறது.